படி எடுத்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

போன மாதம் தாத்தா வீட்டுக் கிரையப் பத்திரத்தின் நகலை வாங்கி வந்து உங்கள் முன்னால் விரித்தேன். 1979-ல் நீங்கள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அசலைப் பார்த்துப் பதிவேட்டில் படி எடுத்த எழுத்து, உங்கள் கையெழுத்து. எவ்வளவு அழகு என்றேன். "இதுல என்னம்மா இருக்கு, நாங்க வெறும் காப்பி எடுத்தவங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டீர்கள். அந்த 'வெறும்' இன்னும் என் மனதில் உறுத்துகிறது. உங்களைப் போலவே சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், எல்லாரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன்.

நகல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம் சர்க்கார் கச்சேரிகளுக்கு, அதாவது அலுவலகங்களுக்கு, வந்தது. அரபியில் அதற்கு ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது என்று பொருள். 'அசலா நகலா' என்று நாம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அது மதிப்பிழந்தது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தைக் கரையான் தின்றாலும் சொத்து நிற்கிறதே, அது நீங்கள் கொண்டு சேர்த்ததால் அல்லவா?

ஆங்கிலத்தில் இந்த வேலைக்காரருக்கு ஸ்க்ரிவனர் என்று பெயர். லத்தீன் 'ஸ்க்ரீபா', பழைய பிரெஞ்சு வழியாக அப்படி மாறியது. லண்டனில் அவர்கள் 1373-லேயே சங்கமாகக் கூடி விதிகள் வகுத்துக்கொண்டார்கள். 1617-ல் அரச சாசனமும் பெற்றார்கள். பாக்தாத்தில் நூல்களைப் படி எடுத்து விற்றவர் வர்ராக். 'வரக்' என்றால் இலை, தாள். வடமொழியில் பத்திரம் என்றாலும் இலைதான். நம் ஓலையும் இலைதான். இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, மாமா.

சரி, நம் சொல்லுக்கு வருகிறேன். படி. பெரிய புராணத்தில் சுந்தரர் கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே கிழவர் அசராமல் சொல்கிறார்: அவன் கிழித்தது 'படியோலை', 'மூல ஓலை' என்னிடம் இருக்கிறது. வந்தவர் சிவபெருமான். இறைவனே படி எடுத்து வைத்துக்கொண்டு வழக்காட வந்ததாக எழுதுகிறார் சேக்கிழார்!

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சபையின் கணக்கரான கரணத்தான் அந்த ஓலையைத் 'தொழுது வாங்கி', சுருளைப் பிரித்து, பழமையைப் பார்த்து, எல்லாரும் கேட்க வாசிக்கிறார். பிறகு சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுதுவது, வாசிப்பது, ஒப்பிடுவது. உங்கள் அலுவலகத்தில் நடந்ததும் இதேதானே?

படி எடுக்கிறவன் யோசிக்க வேண்டாம் என்கிறார்கள். ஓலையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. 'கல்'லும் 'கல'வும் ஒன்றுபோல் இருக்கும். குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுதான், அதனால் 'கொடு'வுக்கும் 'கோடு'வுக்கும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம் என்பதால் அதையே 'கெரடு' என்று படித்தாலும் ஓலை தடுக்காது. பொருள் புரிந்தவனால் மட்டுமே அதைப் படி எடுக்க முடியும். படிக்காமல் படி இல்லை.

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனையோலை சில நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. சங்கப் பாட்டு நம் கைக்கு வந்திருக்கிறது என்றால், ஓலை இற்றுப்போகும் முன் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பிழை செய்தவர்கள் உண்டு. அவர்களும் இல்லாவிட்டால் பிழை பார்க்க நமக்கு ஏடே இருந்திருக்காது.

நகலை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியில் 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்ற இடத்தில் முதலில் வேறென்னவோ எழுதி, ஒரே கோட்டால் அடித்து, மேலே 'தெற்கு' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் மாறியிருந்தால் நம் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். அதே பக்கத்தின் மேல் பாதியில் யாரோ ஒருவரின் அரை ஏக்கர் புஞ்சை. கீழே உங்கள் அப்பா வாங்கிய வீடு. இரண்டிலும் அதே எழுத்து, அதே இடைவெளி. எது சொந்தம் எது அந்நியம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. எழுதியவர் நீங்கள். ஒப்பிட்டவர் பெயர் தெரிகிறது. நடுவில் வாசித்தவர் யார் மாமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்