ஏபிஐ சாவியை யூஆர்எல்லில் ஒட்டி அனுப்பும் உங்கள் லைப்ரரி பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். கம்பத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பிளாக்செயின் டேட்டா ஏபிஐக்கு, அதாவது என் புரோகிராம் உங்கள் சர்வரிடம் பதிவுகளைக் கேட்டு வாங்கும் வழிக்கு, எட்டு மாதமாகச் சந்தா கட்டுகிறேன். அதைக் கூப்பிட நீங்கள் தயாராக எழுதிக் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் முதல் வரியிலேயே 'பாதுகாப்பான கோரிக்கைகள்' என்று போட்டிருந்ததை நம்பித்தான் எடுத்தேன்.

குமுளியில் ஒரு அண்ணாச்சி ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறார். புத்தடியிலும் போடியிலும் ஏலத்தில் எடுக்கிற சரக்கைச் சலித்து, ரகம் பிரித்து வெளியே அனுப்புகிறார். ஒவ்வொரு லாட்டின் விவரத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் குறியீடு எடுத்து, எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பதிந்திருக்கிறோம். வாங்குகிறவர் மூட்டையிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அண்ணாச்சி கடையில் ஓடும் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) புரோகிராம் உங்கள் ஏபிஐயில் அந்தப் பதிவைக் கேட்டு, ஒத்துப்போகிறதா என்று காட்டும். அவ்வளவுதான் வேலை.

போன மாதம் மழையில் நெட் விட்டு விட்டு வந்திருக்கிறது. கோரிக்கை டைம்அவுட் ஆகி, கறுப்புத் திரை முழுக்கப் பிழைச்செய்தி. கடைப் பையன் அதைப் படம் பிடித்து, "அண்ணே, இது என்னன்னு பாருங்க" என்று எனக்கும், வியாபாரிகள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கும் போட்டுவிட்டான். பெரிதாக்கிப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. முழு யூஆர்எல், அதில் கேள்விக்குறிக்குப் பின்னால், கேட்பது நான்தான் என்று உங்களுக்குக் காட்டும் ரகசியக் குறியீடான என் ஏபிஐ சாவி, ஒரு எழுத்து விடாமல். அடுத்த இரண்டு நாளில் என் கோட்டா தீர்ந்து எதைக் கேட்டாலும் 'அளவுக்கு மேல் கோரிக்கை' என்ற 429 பிழை வந்தது, கூடுதல் பயன்பாடு என்று 11,400 ரூபாய் பில்லும் வந்தது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தவர்களுக்கு 'சரிபார்க்க முடியவில்லை' என்று வந்தால் அண்ணாச்சி சரக்கு மேல்தானே சந்தேகம் வரும்? பையனை நான் குறை சொல்லவே மாட்டேன், திரையில் தெரிந்ததைத்தான் அவன் எடுத்தான்.

போக்குவரத்தை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் இருப்பதால் யூஆர்எல்லும் மறைந்துதான் போகிறது என்று உங்கள் ஆள் எனக்குப் பாடம் எடுத்தார். வழியில் மறைந்து போகும், சரி. ஆனால் அது போய்ச் சேர்ந்த சர்வரின் லாக்கில், அதாவது வந்த கோரிக்கைகளை எழுதி வைக்கும் கோப்பில், அப்படியே பதிவாகுமே, இடையில் அதைப் பிரித்துப் பார்க்கும் ப்ராக்ஸி சர்வர் இருந்தால் அங்கேயும் கிடக்குமே. சாவியை யூஆர்எல்லில் ஒட்டாமல், கோரிக்கையோடு தனியே போகும் ஆதரைசேஷன் ஹெட்டரில் அனுப்புங்கள். அது மட்டும் போதாது, கோரிக்கை அனுப்பும் ஆக்ஸியோஸ் மாதிரி லைப்ரரி ஒன்றை உள்ளே வைத்திருந்தால் அதன் பிழைப் பொருளில் ஹெட்டரும் சேர்ந்தே வரும், அதனால் பிழையை வெளியே விடுமுன் லைப்ரரியே சாவியை அழித்துவிட வேண்டும். இன்னும் நல்ல வழி, ரகசியச் சாவியை அனுப்பாமல், அதைக் கொண்டு ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரத்தோடு சேர்த்து எச்மேக் என்ற முறையில் கணக்கிட்ட கையொப்பம் போட்டு அனுப்புவது. படம் வெளியே போனாலும் கையொப்பம் சில நிமிடத்தில் செல்லாமல் போய்விடும்.

இதைவிட மோசம் அதற்கு முன்பு நடந்தது. சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழில் பிழை ஒன்று வந்தபோது, சரிபார்ப்பையே நிறுத்திவிட ஒரு சூழல் மாறியை (புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பை) 0 என்று வைக்கச் சொல்லி உங்கள் ஆதரவுக் குழு மெயில் அனுப்பியது. அப்படி வைத்தால் இணைப்பு பாதுகாப்பற்றது என்று நோட்.ஜேஎஸ்ஸே எச்சரிக்கை காட்டுகிறது! எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று பார்க்காமல் சாவியைக் கொடுக்கச் சொல்வது எப்படிங்க நியாயம்? நான் செய்யவில்லை, ஆனால் எத்தனை பேர் அந்த மெயிலை நம்பிச் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

சாவியை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வரிப் பதில் எனக்கு வேண்டாம், அன்றைக்கே மாற்றிவிட்டேன். 11,400 ரூபாயை ரத்து செய்யுங்கள். லைப்ரரியைத் திருத்தி எந்தப் பதிப்பில் சரியானது என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்புறம், பழைய பதிப்பு வைத்திருக்கும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும், லாக்கைத் தேடிப் பார்த்துச் சாவியை மாற்றச் சொல்லி நீங்களே மெயில் அனுப்புங்கள். பிழை வந்த அன்றைய லாக்கை, அதிலிருந்த சாவியை மறைத்துவிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். பத்து நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்