'லூலு'வைப் பற்றி எழுதும் மெட்டாலிக்கா ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த தமிழ் மெட்டாலிக்கா ரசிகர்களுக்கு,

அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடும் ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவும் சேர்ந்து 2011 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட 'லூலு' இசைத்தொகுப்பைப் பற்றி நீங்கள் இன்றும் எழுதிவரும் கருத்துகளை முன்னிட்டே இம்மடலை எழுதுகிறேன். தொகுப்பு வெளிவருவதற்கு முந்தைய மாலையில்தான் மெட்டாலிக்கா பெங்களூரு அரண்மனை மைதானத்தில், இந்தியாவில் முதன்முறையாக மேடையேறியது. சென்னையிலிருந்து ரயிலேறிப் போய் அதைக் கேட்டவர்களும் உங்களில் இருப்பீர்கள். அன்று அவர்கள் வாசித்தவற்றில் 'லூலு'வின் பாடல் ஒன்றுகூட இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தொகுப்பு இசையாக வருவதற்கு முன்பே கேலியாக வந்து சேர்ந்துவிட்டது. அதை உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை; எனக்கே அதில் பாதிதான் பிடிக்கும். கருத்து எழுதுகிறவர் தாம் எதைக் கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

முதலில், இது யாருடைய தொகுப்பு என்பதில் ஒரு தெளிவு வேண்டும். 2009 அக்டோபரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கச்சேரியில் ரீடுக்கு மெட்டாலிக்கா பக்கம் வாசித்தது. அந்த நட்பில் பிறந்த முதல் திட்டம், ரீடின் பழைய பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்வது. அதைக் கைவிட்டு, நாடக இயக்குநர் ராபர்ட் வில்சன் பெர்லினில் மேடையேற்றிய நாடகத்துக்காகத் தாம் எழுதிவைத்திருந்த வரிகளை ரீட் எடுத்துக்கொண்டு வந்தார். ஜெர்மானிய நாடகாசிரியர் ஃபிராங்க் வேடெகிண்டின் இரு நாடகங்களே அவற்றுக்கு மூலம். ஆண்களின் ஆசைக்குப் பொருளாகி, அவர்களை அழித்துத் தானும் அழிந்து, கடைசியில் லண்டனில் ஜாக் த ரிப்பர் கையில் சாகும் பெண்ணின் கதை அது. ஆகவே, கிழட்டுக் குரலில் ஓர் ஆள் தன்னைச் சிற்றூர்ப் பெண் என்று சொல்லிக்கொள்வது அபத்தம் என்று எழுதுகிறவர்கள், அங்கே பேசுவது 69 வயது லூ ரீட் அல்ல, ஒரு நாடகப் பாத்திரம் என்பதைத் தவறவிடுகிறார்கள். பாடலுக்குப் பாடல், சில இடங்களில் வரிக்கு வரிகூட, பேசுகிறவர் மாறுகிறார். அட்டையில் இருக்கும் இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் படித்தவர்களுக்கு இது விளங்காமல் போனதில் வியப்பில்லை.

உங்கள் கருத்துகளில் அடிக்கடி வருவது, ரீடுக்குத் தாளம் நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டு. இதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். மெட்டாலிக்காவின் இசையில், கிட்டார் வாசித்தபடியே பாடும் ஹெட்ஃபீல்டின் வலது கையும் வாயும் ஒரே இயந்திரம். பாடல் வரியின் ஒவ்வோர் அசையும், கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கான ரிஃபும் பூட்டிக்கொண்டு நகரும், அந்தப் பூட்டுதான் 1986இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' காலத்திலிருந்து நம்மைக் கட்டிப்போட்டது. ரீடோ, பக்கவாத்தியம் தாளத்தில் ஓடிக்கொண்டிருக்க, விருத்தம் சொல்கிறவரைப் போல் அதற்கு மேலே தம் போக்கில் வரிகளை நீட்டியும் நிறுத்தியும் சொல்கிறார். 'பம்ப்பிங் பிளட்' பாடலைக் கேளுங்கள். நரம்பிசையின் ரீங்காரத்தில் தொடங்கி, ரிஃப் எழுந்து, ரீடின் குரல் தாழும் இடங்களில் இசைக்குழு பின்வாங்கி, மறுபடி திரண்டு வருகிறது. லார்ஸ் உல்ரிச் டிரம்ஸில் அங்கே காலம் காப்பதைவிட அந்தக் குரலைத் துரத்துவதிலேயே குறியாக இருக்கிறார். இது தற்செயல் அல்ல. பெரும்பகுதி ஒன்றாக அமர்ந்து, அப்போதைக்கப்போது பிறந்ததை விட்டுவிடாமல் பதிந்த இசை. அந்த உரசல் உங்களுக்கு ஒவ்வாமல் போகலாம். அப்படியானால் ஒவ்வவில்லை என்று எழுதுங்கள். வாசிக்கத் தெரியவில்லை என்று எழுதுவது வேறு.

அடுத்தது அந்த மேசை. முழுத் தொகுப்பும் வெளிவருமுன் 'த வியூ' மட்டும் வெளியானது. அதில் ஹெட்ஃபீல்ட் தம்மை மேசை என்று அறிவிக்கும் வரி உலகம் முழுக்கக் கேலிப்படங்களாகப் பரவியது. தன்னை வேர் என்றும் முன்னேற்றம் என்றும் தாக்குகிறவன் என்றும் அடுக்கிக்கொண்டு போகும் ஒரு பட்டியலின் நடுவில் வருவது அந்த வரி. முழுத் தொண்டையில் கத்தும்போது சிரிப்பு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 87 நிமிடத் தொகுப்பைப் பற்றிய தமிழ்க் கருத்துகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரு வரியைச் சுற்றி வருவதற்குக் காரணம், அதற்கு அப்பால் யாரும் கேட்காததே என்று நான் ஐயப்படுகிறேன். இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்கு ஒன்று மதிப்பெண் போட்டதைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். பிறருடைய மதிப்பெண்ணை எடுத்துக்காட்ட ரசிகர் எதற்கு?

தொகுப்பை ஆதரிப்பவர்களுக்கும் இதே குறை உண்டு. பாடகர் டேவிட் போவி இதை ரீடின் தலைசிறந்த படைப்பு என்றார் என்று சொல்லி வாதத்தை முடித்துவிடுகிறீர்கள். அதை நமக்குச் சொன்னவர் ரீடின் மனைவி லாரி ஆண்டர்சன். ரீட் இறந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2015 ஏப்ரலில், ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் சொன்னார். அதே பேச்சில், இந்தத் தொகுப்பு தமக்கே கடினமாக இருக்கிறது என்றும் சொன்னார். போவி சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண்டர்சன் சொன்னதை விட்டுவிடுவது நேர்மையாகாது. 1973இல் ரீடின் 'பெர்லின்' தொகுப்பு வசை வாங்கிப் பின்னர் கொண்டாடப்பட்டது உண்மை. வசை வாங்கிய எல்லாமும் பின்னர் கொண்டாடப்படும் என்று அதிலிருந்து பெறப்படாது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 'மிஸ்ட்ரஸ் டிரெட்' வேகமான த்ராஷ் மெட்டல் பாணி ரிஃப் ஒன்றையே ஏழு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அரைக்கிறது; அதில் ரீடின் குரலும் ரிஃபும் ஒன்றையொன்று கேட்பதே இல்லை. 'டிராகன்' பதினோரு நிமிடத்துக்குத் தகுதியான பாடல் அல்ல. 'ஐஸ்ட் ஹனி' எந்த ரீட் தொகுப்பிலும் இயல்பாகப் பொருந்தும் சின்னப் பாடல், குறை சொல்ல ஒன்றுமில்லை. 'சீட் ஆன் மீ' மெல்லத் திறந்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டே கனம் ஏற்றிக்கொள்கிறது. மெதுவாகக் கனத்து நகரும் டூம் மெட்டல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது, அவர்கள்கூட இதைத் தள்ளிவைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசிப் பாடலான 'ஜூனியர் டாட்' பத்தொன்பதரை நிமிடம். இதைக் கேட்டபோது, சில வாரங்களுக்கு முன் தந்தையை இழந்திருந்த மெட்டாலிக்காவின் கிட்டார் கலைஞர் கிர்க் ஹேமெட் பதிவறையை விட்டு ஓடிச் சமையலறையில் நின்று அழுததையும், பின்னாலேயே ஹெட்ஃபீல்டும் அழுதபடி வந்ததையும் ஹேமெட்டே சொல்லியிருக்கிறார். எரிச்சலும் வன்முறையும் நிறைந்த ஒன்பது பாடல்களுக்குப் பிறகு ரீடின் குரல் இங்கே தளர்ந்து, தகப்பனிடம் கை நீட்டிக் கேட்கும் மகனுடையதாகிறது. கிட்டார்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்குகின்றன. 'லூலு'வைக் குப்பை என்று எழுதியவர்கள் இந்த ஒரு பாடலையாவது தலையணி ஒலிப்பானில் முழுதாகக் கேட்டுவிட்டு, அதே சொல்லை அப்படியே வைத்துக்கொள்ள முடிகிறதா என்று எழுதவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அதன் கடைசிச் சில நிமிடங்கள் வெறும் நரம்பிசை ரீங்காரமாக நீள்கின்றன. அவ்வளவு நீளம் தேவையில்லை என்பது என் எண்ணம். தேவைதான் என்று காரணத்தோடு மறுத்து எழுதுகிறவர் உங்களில் இருந்தால், அந்தக் கருத்தைப் படிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு ரசிகன்