அகுஸ்தினாரின் மடல்களையும் கற்பியுங்கள்: அரசியல் சிந்தனை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகுஸ்தினாரைப் பற்றிய வகுப்பு, மனிதன் பாவத்தில் உழல்பவன், அரசு அவனுக்குப் பூட்டிய கடிவாளம் என்ற அளவிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் பயின்றேன். 410இல் உரோமை சூறையாடப்பட்ட பின் அவர் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' நூலின் 19ஆம் பகுதியை மட்டும் படிப்பவருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. உண்மை தெரியாமல் குற்றமற்றவரையும் வதைக்க நேரும் நீதிபதியின் அவலத்தை அங்கே அவர் அவ்வளவு இருண்டதாகக் காட்டுகிறார்.

ஆனால் எதிர்நோக்கு என்பதை அவர் மறுமைக்கு மட்டும் ஒதுக்கிவைக்கவில்லை என்பதற்கு அவருடைய மடல்களே சான்று. (பழைய மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' எனப்பட்டதையே திருவிவிலியம் 'எதிர்நோக்கு' என்கிறது, காத்திருப்பவரின் பார்வை அச்சொல்லிலேயே இருப்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது.) குற்றவாளிகளுக்காக ஆயர்கள் பரிந்து பேசுவது சமயக் கடமைதானா என்று ஆப்பிரிக்காவில் பேரரசின் உயரதிகாரியாக இருந்த மக்கெதோனியு கேட்டபோது, ஒருவர் திருந்துவதற்கு இந்த வாழ்வை விட்டால் வேறு இடமில்லை என்று 153ஆம் மடலில் அவர் விடையளித்தார். தண்டிக்கும் அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. தண்டிக்கப்படுபவரைக் கைவிட்டுவிடவே மறுத்தார்.

1981இல்தான் முதன்முறையாக அச்சேறிய மடல்களுள் ஒன்று இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. வட ஆப்பிரிக்காவின் நுமிதியா பகுதியின் உள்நாட்டுச் சிற்றூர்களில் மக்களைக் கடத்திவந்து ஹிப்போ துறைமுகத்தில் கப்பலேற்றிய அடிமை வணிகர்களிடமிருந்து, அகுஸ்தினார் ஊரில் இல்லாத வேளையில், திருச்சபை மக்களே ஏறத்தாழ 120 பேரை மீட்டிருக்கிறார்கள். அவர்களுள் பெற்றோரால் விற்கப்பட்டவர்கள் ஐந்தாறு பேர் மட்டுமே. இத்தாலியில் இருந்த நண்பர் அலிப்பியுவுக்கு இதை எழுதும் அகுஸ்தினார், இவ்வணிகத்தைத் தடுக்கும் பேரரசரின் சட்டம் ஆப்பிரிக்காவில் நடைமுறைக்கு வர வழிதேடச் சொல்கிறார். அதே மூச்சில், அச்சட்டத்தின் ஈயச் சாட்டையடியால் வணிகர்கள் செத்துவிடக் கூடாதே என்றும் தயங்குகிறார்.

திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற ஆப்பிரிக்கக் கிறித்தவப் பிரிவினரான தொனாத்தியர்மீது அரசின் வற்புறுத்தலை அவர் ஆதரித்ததை மறைக்குமாறு நான் கேட்கவில்லை. அங்கே அவர் தவறினார் என்றே கருதுகிறேன். 19ஆம் பகுதியை நடத்தும் வாரத்திலேயே இவ்விரு மடல்களையும் மாணவர்கள் கையில் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பணிவன்புடன்,
அரசியல் சிந்தனை வரலாறு பயின்ற ஒருவர்