உங்கள் அம்மோனியா சோதனை கிட் பற்றி நான் அனுப்பும் நான்காவது புகார்

லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை, அதனால் மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் கிட்டைப் பற்றி நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? சோதனைக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், இரண்டு பாட்டிலிலிருந்தும் சொட்டு மருந்து, ஐந்து நிமிடம். மஞ்சளாக நின்றால் அம்மோனியா, அதாவது கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷம், 0. மூன்று வாரமாகத் தினமும் மஞ்சள். அதை நம்பித் தண்ணீர் மாற்றாமல் விட்டேன். மகள் வளர்க்கும் முத்து சாப்பாட்டை நிறுத்திவிட்டான். அவன் ஒரு ஆக்ஸலாட்டில், தண்ணீரிலேயே வாழும் பல்லி மாதிரியான பிராணி. சிவப்பு இறகு மாதிரி விரிந்து நிற்கும் செவுள் சுருங்கி, நுனி முன்னால் மடங்கிவிட்டது. வேறு கிட்டில் பார்த்தால் நல்ல பச்சை, 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்)! 0-வில் இருக்க வேண்டியது.

உங்கள் ஊழியர் போனில் சொன்னதை மறக்கவே முடியவில்லை: "தவளைக்கு எதுக்கும்மா இத்தனை சோதனை? குழாய்த் தண்ணியை ஒரு ராத்திரி திறந்து வைங்க, போதும்." முத்து தவளை இல்லை. எங்களுக்குக் குடிநீர் தரும் ரேண்ட் வாட்டரின் தண்ணீரில் குளோரமைன் (கிருமி கொல்லப் போடும் குளோரின்-அம்மோனியா கலவை) இருக்கிறது, ஒரு ராத்திரியில் அது போகாது. அதை உடைக்கும் மருந்து போட்டால் அம்மோனியா மிஞ்சும். அதைப் பார்க்கத்தானே கிட்டே வாங்கினேன்!

அவர் சொல்லித்தான் ரசீதோடு மிட்ராண்டில் உள்ள உங்கள் இடத்துக்கு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வந்தவளை, "இங்கே கவுன்ட்டரே கிடையாது" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்றைய கூலியும் போச்சு, வீட்டு நிம்மதியும் போச்சு.

சொல்ல விட்டுப்போனது: ஒரு வாளித் தண்ணீரில் தரை துடைக்கும் அம்மோனியா சில சொட்டு விட்டு உங்கள் கிட்டில் பார்த்தேன். அப்போதும் மஞ்சள்தான். இரண்டாம் பாட்டிலின் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் முடிந்துபோன தேதி.

தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு குறையுள்ள பொருளைத் திருப்பித் தர ஆறு மாதம் கொடுக்கிறது. நான் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அந்த ஸ்டிக்கரையும் கொண்டுபோவேன்.

முத்து இப்போது சமையலறை மூலையில் ஒரு டப்பில் இருக்கிறான். தினமும் முழுத் தண்ணீரும் மாற்றுகிறோம். நேற்றுதான் பாதி மண்புழு தின்றான்.

ரசீதும் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்