ரெசினைக் குறை, முரளி

அன்புள்ள முரளி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நன்றாகத் திட்டிக்கொள். அம்மாவுக்கு என் வணக்கம். நீ புரதத்தைச் சுத்திகரித்து, ஜெல்லில் ஓட்டி, படம் அனுப்பியிருந்தாயே; புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் அந்த ஜெல்லுக்கே நேரே வருகிறேன். நம் சார் பார்த்திருந்தால் “ரசமா, மண்டியா?” என்று கேட்டிருப்பார்.

முப்பது கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் உன் புரதம் தடியாக நிற்கிறது, சரி. மேலும் கீழும் ஏணிப்படி மாதிரி ஏன் இத்தனை பட்டைகள்? இருப்பது 15 மில்லிகிராம் புரதம். அதைப் பிடிக்க 5 மில்லி நிக்கல் ரெசினா (ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நிக்கலால் பிடித்துக்கொள்ளும் மணிகள்)? பந்தியில் பாதி இலை காலியாகக் கிடந்தால் தெருவில் போகிறவனும் உட்காரத்தானே செய்வான்! நல்ல ரெசின் ஒரு மில்லியே 40 மில்லிகிராம் வரை பிடிக்கும். உனக்கு ஒரு மில்லி தாராளம். இடம் நெருக்கடியானால், ஆறு ஹிஸ்டிடின் வால் உள்ள உன் புரதம், ஒன்றிரண்டு ஹிஸ்டிடினால் தொற்றிக்கொண்டவற்றைத் தானே தள்ளிவிடும்.

அதைச் செய்யாமல் கழுவும் பஃபரில் (பிஎச் மாறாத கரைசல்), ஹிஸ்டிடினோடு போட்டியிட்டுப் புரதத்தை நிக்கலிலிருந்து கழற்றும் இமிடசோலை 80 மில்லிமோலாருக்கு ஏற்றிவிட்டாய்; பாதிப் புரதம் அதிலேயே போயிருக்கிறது. ஏற்றும்போது 20 மில்லிமோலார், கழுவ 40, இறக்க 250 போதும். உப்பு 300க்குக் குறைய வேண்டாம். இமிடசோல் காரம், கரைத்த பிறகு பிஎச்சை 8க்குக் கொண்டு வா.

அப்படியும் 25 கிலோடால்டன் அருகில் ஒரு பட்டை நின்றால் அது, புரதத்தை வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் சொந்தப் புரதமான ஸ்லைடியாக (SlyD) இருக்கலாம். அதன் வால் நிறைய ஹிஸ்டிடின். அதோடு மல்லுக்கட்டாதே, அடுத்த குழாயில் (ரெசின் நிரப்பிய காலம்) பிரித்துக்கொள்ளலாம்.

ரெசின் வெளுத்துவிட்டது என்றாயே, புரதத்தை வெட்டும் நொதிகளை அடக்கக் கரைசலில் போடுகிற புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையின் அட்டையைப் படித்தாயா? அதில் உலோகங்களைக் கவ்வும் ஈடிடிஏ (EDTA) இருந்தால் நிக்கலைப் பிடுங்கிவிடும். நிக்கல் சல்பேட் ஊற்றி மறுபடி ஏற்றலாம். ஆனால் முரளி, கையுறை இல்லாமல் அதைத் தொடாதே, சிங்க்கில் ஊற்றாதே. புற்றுநோய் தரும் பொருள் அது.

அடுத்தது மின்னேற்றத்தை வைத்துப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றம். உன் புரதத்தின் பிஐ (மொத்த மின்னேற்றம் பூஜ்ஜியமாகும் பிஎச்) 5.6, ஆகவே பிஎச் 8இல் அது எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும்; அதைப் பிடிக்க நேர்மின்னேற்றமுள்ள கியூ (Q) குழாய். 300 மில்லிமோலார் உப்போடு ஏற்றினால் ஒட்டாமல் வழிந்துவிடும்; பத்து மடங்கு நீர்த்து ஏற்று. மூலக்கூறின் பருமனை வைத்துக் குழாயில் பிரிக்கும் ஜெல் வடிப்பு கடைசியில்தான்: 120 மில்லி குழாய்க்கு 2 மில்லியாகச் செறிவூட்டி, 0.22 மைக்ரானில் வடித்துப் போடு. பத்து மில்லி போட்டால், வரைபடத்தில் ஒவ்வொரு புரதமும் வெளிவருவதைக் காட்டும் சிகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும்.

இந்த முறை ஒட்டாமல் வழிந்ததையும் ஜெல்லில் ஓட்டு. ஒரு மில்லி ரெசின் போதவில்லை என்றால் அந்தக் குழியில்தான் தெரியும். படத்தை அன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
சேகர்