அடகுத் துண்டும் கடன் கொப்பியும்: சங்கத்தின் 2022/2023 ஆண்டறிக்கை

தலைவருக்கும் நிர்வாக சபையினருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2022 ஏப்ரலில் இருந்து 2023 மார்ச் வரைக்குமான எங்கள் சிக்கன கடனுதவிச் சங்கத்தின் அறிக்கை இது. வழக்கமாக ஒரு தாளில் எழுதி முடித்துவிடுவேன். கூட்டம் எத்தனை, கடன் எத்தனை, நன்றி, அவ்வளவுதான். இந்த முறை அப்படி முடிக்க மனம் வரவில்லை. இந்த ஒரு வருடத்தில் எங்கள் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை, அதை அனுபவித்த நாங்களே எழுதி வைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வழக்கமான விபரம். திருகோணமலையின் திருக்கடலூர், மனையாவெளி, பாலையூற்று, அன்புவழிபுரம் ஆகிய இடங்களில் இருந்து இப்போது 84 பேர் அங்கத்தவர்கள். மாதாந்தக் கூட்டம் 11 நடந்தது. மே மாதக் கூட்டம் ஊரடங்கால் நடக்கவில்லை. ஜூலைக் கூட்டம் நடக்கும் என்று நானே நம்பவில்லை, ஏனென்றால் ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அன்புவழிபுரத்தில் இருந்து கூட நடந்து வந்தீர்கள். 31 பேருக்குக் கடன் கொடுத்தோம். ஆகக்கூடியது 25,000 ரூபா, வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா. நான்கு பேர் நிலுவையில் இருக்கிறார்கள். நால்வரும் கூட்டத்துக்கு வந்து காரணத்தைச் சொன்னவர்கள், அதனால் அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மிச்சக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, இனி நடந்த கதை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் அறிவித்தபோது எங்களில் பலர் அதைக் கொழும்புக் கதை என்றுதான் நினைத்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனபோதுதான் பால்மா, பருப்பு, கோதுமை மா, காஸ் எல்லாம் அந்த டொலரில்தான் எங்கள் குசினிக்கு வருகிறது என்பது விளங்கியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். போன வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு இப்போது 1,950 ரூபா வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். சம்பளக்காரரின் சம்பளம் அப்படியே நின்றது. சீமெந்து விலையால் கட்டட வேலை நின்று, எங்கள் மேசன்மாருக்கு நாட்கூலியே இல்லாமல் போனது.

மீன்பிடி வீடுகளுக்கு அடி ஓகஸ்ட்டில் விழுந்தது. 22ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனது. ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் எடுக்கும் சின்னப் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 6,800. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தக் காசு முதலில் போகவேண்டும். அதற்கு முந்திய மாதங்களில் விலை குறைவாக இருந்தது, ஆனால் எண்ணெய் கிடைக்கவில்லை. பிறகு இரண்டிரண்டு வீடாகச் சேர்ந்தார்கள். ஒரு படகைக் கரையில் ஏற்றிவிட்டு மற்றதில் நாலு பேர் போய், வந்த மீனில் எண்ணெய்க் காசைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போட்டார்கள். சிலர் கரைவலைக்குத் திரும்பினார்கள். மின்வெட்டால் ஐஸ் கிடைக்காத கிழமைகளில் பெண்கள் சூடை மீனையும் கீரி மீனையும் கருவாடு போட்டார்கள். அந்தக் கருவாட்டுக் காசில்தான் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியது.

ஜூன் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அன்றைக்கு வந்த எல்லோருக்கும் கடன் வேண்டும், கொடுக்கப் பெட்டியில் காசு இல்லை. எதற்குக் கடன் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "வீட்டுச் செலவுக்கு" என்ற ஒரே பதில். எனக்கு அது ஏன் என்று தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் எழும்பி என் கணக்கைச் சொன்னேன். என் இரண்டு காப்பும் மகளின் சங்கிலியும் அடகில், கடைப் பற்று, அதாவது கடையில் கடனுக்கு வாங்கிய சாமான், 18,400 ரூபா, தங்கச்சியிடம் வாங்கியது 40,000, இதில் பாதி என் வீட்டுக்காரருக்கே தெரியாது. சொல்லும்போது கை நடுங்கியது. சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்வரிசையில் இருந்த மீன் விற்கும் அக்கா எழும்பி, "எனக்கு மூண்டு குழுக்கடன் இருக்கு தங்கச்சி, திங்கள் வாற பெடியனுக்குக் குடுக்க வெள்ளிக்கிழமைக் கடன் எடுத்தனான்" என்று சொல்லி அழுதுவிட்டார். குழுக்கடன் என்றால் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொம்பனிகள் கொடுத்து, கிழமைக்குக் கிழமை ஆள் அனுப்பி வசூலிக்கும் கடன். அதன் பிறகு இருட்டும் வரைக்கும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் எங்கள் சங்கத்துக்கு உண்மையான கணக்கு கிடைத்தது என்று நான் நம்புகிறேன்.

அந்தக் கூட்டத்தின் தீர்மானம்தான் கடன் கொப்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பி, அதில் யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கெடு என்று நாலு நிரல். ஏ.எல். (உயர்தர) கணிதம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இருவர் சனிக்கிழமைகளில் இருந்து கூட்டிப் பார்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் காட்டிய ஒரு கணக்கை இங்கே எழுதுகிறேன், இன்னும் பலருக்குத் தெரியாது. 50,000 ரூபா குழுக்கடன், கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை. மொத்தம் கட்டுவது 65,000. 15,000 தானே கூட, அப்படியென்றால் 30 வீதம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க எங்கள் கையில் இருப்பதில்லை, கிழமைக்குக் கிழமை திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம், பாதி வருடத்தில் பாதி முதல் போய்விடுகிறது. அப்படிப் பார்த்தால் வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. கடன் எடுக்கும்போது கட்டுக்காசை மட்டும் கேட்கிறோம், வட்டி எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

கொப்பி வந்த பிறகு எதை முதலில் கட்டுவது என்று ஒரு ஒழுங்கு வந்தது. மீற்றர் வட்டிதான் முதல். நாளுக்கு நாள் ஏறும் அந்தக் கடனை உடைக்க எதையும் விற்கலாம் என்று முடிவெடுத்தோம், இரண்டு வீட்டில் தொலைக்காட்சி போனது, ஒரு வீட்டில் மோட்டார் சைக்கிள் போனது. அப்புறம் குழுக்கடன். கடைப் பற்றைச் சின்னச் சின்னதாக என்றாலும் நிறுத்தாமல் கட்டவேண்டும், ஏனென்றால் நாளைக்குச் சீனியும் அரிசியும் தரப்போவது அந்தக் கடைக்காரர்தான், அவரும் எங்களைப் போல நெருக்குப்பட்டவர். சொந்தக்காரரிடம் வாங்கியதைக் கடைசியில் வைத்தோம், ஆனால் போய் முகம் பார்த்துச் சொல்லவேண்டும் என்று நிபந்தனை போட்டோம். நான் தங்கச்சியிடம் போனேன். அவள் கோபப்படவில்லை. போகும்வரைதான் கஷ்டமாக இருந்தது.

ஆட்டோ ஓட்டும் தம்பிமாரின் கதை வேறு. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். அதை வைத்து ஓடி லீசிங் கட்ட முடியாது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எரிபொருள் நிலைய வரிசையில் ஆட்டோவுக்குள்ளேயே படுத்தெழும்பியதை நினைத்தால் இப்போதும் மனது தாங்கவில்லை. ஒருவரின் ஆட்டோவை லீசிங் கொம்பனி ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் மூன்று மாதமாக அவர்களின் அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருந்தார், எங்களுக்கும் சொல்லவில்லை. மற்ற நால்வர் கட்டத் தவறுவதற்கு முன்பே கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுக்குத் தவணையை நீட்டித் தந்தார்கள். வட்டி கூடியதுதான், ஆனால் ஆட்டோ வாசலில் நிற்கிறது.

இனி அடகு. எங்கள் பெண்களின் சேமிப்பு வங்கியில் இல்லை, கழுத்திலும் கையிலும்தான் இருக்கிறது. ரூபா விழுந்ததும் பவுன் விலை ஏறியது. இதனால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடந்தது. பழைய விலைக்கு அடகு வைத்திருந்த நகைக்கு இன்னும் கொஞ்சக் காசு எடுக்கலாம் என்றதும் பலர் எடுத்தார்கள், சாப்பாட்டுக்காக எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்திய பிறகு எல்லா வட்டியும் ஏறியது. எடுத்த காசும் கூட, வட்டியும் கூட, வருமானம் மட்டும் இல்லை. "மீட்க ஏலாது, போகட்டும்" என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு அங்கத்தவர் 2020இல் இரண்டு காப்பை ஒரே துண்டில் அடகு வைத்தவர். ஏலத்துக்குப் போடப்போவதாகக் கடிதம் வந்ததும் அதை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டார். கொப்பி எழுதிய அன்றுதான் கடிதம் வெளியே வந்தது. கணக்குப் பார்த்தால் கடனும் வட்டியும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அந்தக் காப்புகளின் அன்றைய பெறுமதி. நாலு பேர் சேர்ந்து இரண்டு நாளைக்குக் காசு பிரட்டிக் கொடுத்தோம். மீட்டு, ஒரு காப்பை விற்று, எங்கள் நாலு பேரின் காசையும் திருப்பித் தந்துவிட்டு, மற்றக் காப்பைக் கையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கடிதம் இன்னும் பத்து நாள் அலுமாரிக்குள் இருந்திருந்தால் இரண்டும் போயிருக்கும். அதற்குப் பிறகு அடகுத் துண்டுகளின் கெடுத் திகதிகளைச் சங்கத்தின் நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம். இதுவரை 17 துண்டு. என்னுடையது இரண்டு அதில் இருக்கிறது. மகளின் சங்கிலியை இன்னும் மீட்கவில்லை.

சாப்பாட்டு விடயத்தில் எங்கள் அம்மாமார் செய்ததைத்தான் திரும்பச் செய்தோம். பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைப் பானையில் போடாமல் வேறாக எடுத்து வைப்பது. கிழமைக் கடைசியில் அதைச் சேர்த்து, செவ்வாயும் வியாழனும் காலையில் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சினோம். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, யார் வீட்டு வேலியில் என்ன இருக்கிறதோ அது. அரிசி கொடுக்க முடியாத வீட்டுக்காரர் விறகு கொண்டுவந்தார்கள். யார் என்ன கொண்டுவந்தது என்று நாங்கள் எழுதவில்லை. கணக்கு எழுதுவதில் பிடிவாதமான நான் இதை மட்டும் எழுத விடவில்லை.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஐந்து பேர். 2022இல் நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் கூடுதலானோர் வேலைக்காக வெளியே போயிருக்கிறார்கள், எங்களவர் மட்டும் எப்படி இருப்பார்கள். ஆனால் ஒரு அங்கத்தவர் ஒரு முகவரிடம் காசு கொடுத்து, கிடைத்தது சுற்றுலா விசா என்பது கடைசியில்தான் தெரிந்தது. காசு திரும்பவில்லை. காசு கொடுக்க முன்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவர் பதிவு செய்தவரா என்று பாருங்கள், தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம். ஆட்களைச் சேர்த்தால் காசு பெருகும் என்று தொலைபேசியில் வரும் திட்டங்களில் தயவுசெய்து ஒருவரும் சேரவேண்டாம்.

இப்போது நிலைமை சரியாகிவிட்டது என்கிறார்கள். 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியத்தின் உதவிக்கு அனுமதி கிடைத்தது, மார்ச் பணவீக்கம் 50.3 வீதத்துக்கு இறங்கியது. இறங்கியது விலை ஏறும் வேகம், விலை இல்லை. மின்சாரத்தை எடுங்கள். மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டுக்கு 2022 ஓகஸ்ட் வரைக்கும் 105 ரூபா, அதன் பிறகு 360, 2023 பெப்ரவரியில் 1,300 ஆனது. எங்கள் வீடுகளில் ஒரு ஆச்சி தனியே இருக்கிறார், இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும்தான். அவருடைய பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடத்துக்கு இரண்டு பிரேரணை வைக்கிறேன்.

ஒன்று, கடன் பெட்டியில் இருந்து தனியாக ஒரு சிறு தொகை, 5,000 ரூபாவுக்கு மேற்படாமல், வட்டி இல்லாமல், மருந்துக்கும் மின்பட்டியலுக்கும் மட்டும். மற்றது, அடகு மீட்பதற்கென்று பத்துப் பேர் கொண்ட சீட்டு ஒன்று, ஏலக் கழிவு இல்லாமல், யாருடைய கெடு முதலில் வருகிறதோ அவருக்கு முதல் சீட்டு. பொருளாளருக்கு இரண்டாவதில் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, சீட்டு எடுத்தவர் நடுவில் நிறுத்தினால் என்ன செய்வது என்கிறார். நியாயமான கேள்வி, இன்றைக்கே பேசுவோம்.

அடுத்த கூட்டம் 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு. கொப்பி முடிந்தவர்களுக்குப் புதிய கொப்பி வைத்திருக்கிறேன். ஜூனுக்குள் கெடு முடியும் அடகுத் துண்டு வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுத்து வாருங்கள், அவற்றைத்தான் முதலில் பார்ப்போம்.

செயலாளர்