பேச்சுக்கு முன்னுரிமை கொடுங்கள், யாருடைய ஆப் ஆனாலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப் வழியாகப் பேசும் சேவைகளையும் உரிமத்தின் கீழ் கொண்டுவர வேண்டும், பெரிய ஆப் நிறுவனங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று செல்போன் நிறுவனங்கள் சில ஆண்டுகளாக விடாமல் கேட்டு வருகின்றன. இதில் டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். துபாயில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும், படம் வரும். பேச மட்டும் முடியாது. அனுமதி பெற்ற சில ஆப்களில்தான் பேச வேண்டும். அதனால் இங்கே அம்மாக்களின் போனில் சிங்கப்பூர் பிள்ளைக்கு ஓர் ஆப், துபாய் பிள்ளைக்கு வேறோர் ஆப். எதைத் தொட்டால் யார் வருவார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

நம் நாட்டில் அந்த நிலை இல்லை. ஆனால் வரப் பார்த்தது. இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று 2014 டிசம்பரில் ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஆப்புக்கு ஏற்ப டேட்டா விலையை மாற்றக் கூடாது என்று விதி போட்டது. 2018-இல் வேகத்தில் பாரபட்சம் காட்டுவதற்கும் தடை வந்தது.

நெரிசலைச் சமாளிக்க வேண்டாமா என்று நிறுவனங்கள் கேட்கலாம். சரி, சமாளிக்கட்டும். ஆனால் ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் இருந்தாலே தாராளம். சினிமா பார்ப்பவர் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. அழைப்புக்குத் தேவை தாமதமில்லாமை. சினிமா சில நொடி முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். பேச்சில் அரை நொடி பிந்தினாலே "ஹலோ, கேக்குதா?" ஆரம்பித்துவிடும். ஆகவே குரலுக்கு முன்னுரிமை தருவதில் தப்பில்லை. நாற்றங்காலுக்கு முதல் தண்ணீர் என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். என் நாற்றங்காலுக்கு மட்டும் என்றால்தான் மண்வெட்டியைத் தூக்குவார்கள்.

இங்கேதான் போட்டி பற்றிய கேள்வி வருகிறது. 4ஜி போனில் எண்ணை அழுத்திப் பேசும் அழைப்பும் டேட்டாவாகத்தான் போகிறது. நிறுவனம் அதற்குத் தனித் தடம் வைத்திருக்கிறது, விதியும் அதை அனுமதிக்கிறது. பக்கத்திலேயே ஆப் அழைப்பு பொதுத் தடத்தில் முட்டி மோதி வருகிறது. தடத்தின் சொந்தக்காரரே போட்டியாளராகவும் இருக்கும்போது ஆசை வராதா? அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம் வோனேஜ் இணைய போன் சேவையை அடைத்துவைத்து, 2005-இல் 15,000 டாலர் கட்ட நேர்ந்தது. அடைத்தால் பிடிபடும். லேசாகத் திணறவிட்டால்? சிக்னல் சரியில்லை என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

இதைக் கண்காணிக்கப் பல தரப்பினர் சேர்ந்த ஓர் அமைப்பு வேண்டும் என்று 2020-இல் டிராயே பரிந்துரைத்தது. வேகம் அளக்க டிராயிடம் ஓர் ஆப்பும் இருக்கிறது. அதிலேயே அழைப்பின் தாமதத்தையும் அறுபடுவதையும் அளந்து, நிறுவனம் வாரியாக, மாவட்டம் வாரியாக வெளியிடலாமே. திருவாரூர், நாகையிலிருந்து தொடங்கினால் அளக்க அழைப்புகளுக்குப் பஞ்சமிருக்காது.

ஒரு வாசகர்,
கூத்தாநல்லூர்